ஒரு பிள்ளைக்கு ஒரு சீட்டு

தை மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, பாலாற்றங்கரை நடுநிலைப் பள்ளியின் குளிர்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அந்த வட்டாரத்தில் பகல் முழுக்கக் குளிர்ச்சியாக இருக்கும் பொது இடம் அது ஒன்றுதான். நாலு வருஷமாகக் கோடை விடுமுறையிலும் பிள்ளைகள் பாயும் தண்ணீர் பாட்டிலுமாகக் காலை எட்டு மணிக்கு வந்து, வெயில் இறங்கும்வரை அங்கேதான் கிடப்பார்கள். சித்திரை, வைகாசியில் வெளியே ஐம்பது டிகிரியைத் தாண்டும். வீடுகளுக்கு மின்சாரம் நாளைக்கு ஆறு மணி நேரம்தான். போன சித்திரையில் அந்தக் கூடத்திலும் மூன்று நாள் மின்சாரம் நின்றது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்த மூன்று பேரின் அப்பா அம்மாவும் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியில் பிள்ளை இல்லாததால் அவர்களுக்கு இனி இங்கே வாக்கு இல்லை, ஆனாலும் வந்திருந்தார்கள்.

ரூபவதி ஷூ கம்பெனி சீருடையோடே ஓடிவந்து நடுவில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் தணிகைவேல் தண்ணீர் லாரியை வெளியே நிறுத்திவிட்டுக் கடைசியில் சுவரோரம் நின்றான். அவர்களுக்கு ஒன்பது வயதில் இரட்டைப் பெண்கள், செவ்வந்தியும் சுகந்தியும். இருவரும் நாலாம் வகுப்பு.

தலைமையாசிரியை பிலோமினா சுற்றறிக்கையைப் படித்தார். இனிமேல் கல்வியாண்டு ஆடியில் தொடங்கி மாசியில் முடியும். பங்குனி முதல் ஆனி வரை நாலு மாதமும் பிள்ளைகளுக்குக் கோடைத் துயில்.

"துயில்னா இன்னா டீச்சர், தூங்கறதா?" என்று ஒரு அம்மா கேட்டாள்.

பிலோமினாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் டாக்டர் பதில் சொன்னார். "தூக்கம் மாதிரிதான், ஆனா ரொம்ப ஆழம். ஊசி போட்டு உடம்புச் சூட்டை இருபத்தெட்டுக்குக் கொண்டு வருவோம். இதயம் நிமிஷத்துக்கு எட்டு தடவை துடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணி போதும், குழாய் வழியாப் போயிடும். ஆளுக்கொரு குளிர்ப் பெட்டிக்குள்ள படுத்திருக்கறதால ரெண்டு மூணு நாள் கரண்ட் இல்லன்னாலும் தாங்கும். போன வருஷம் மாதிரி ஆகாது."

முன்வரிசை அசையவில்லை.

"வளர்ச்சி?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நாலு மாசத்துல ஒரு வாரம் அளவுக்குத்தான் உடம்பு வளரும். பத்து கோடை தூங்கின பிள்ளை, தூங்காத பிள்ளையைவிட மூணு வயசு சின்னதா இருக்கும்."

அதற்கப்புறம் கேள்விகள் குவிந்தன. சர்டிபிகேட்டில் எந்த வயதைப் போடுவீர்கள், அரசு வேலைக்கு வயது வரம்பு இருக்கிறதே என்றார் ஒருவர். பெண் பிள்ளை வயதுக்கு வருவது தள்ளிப்போகுமா என்று ஒருத்தி தணிந்த குரலில் கேட்டாள். எனக்கு இப்போதே நாற்பத்தாறு, இவன் தலையெடுக்கும்போது நான் இருப்பேனா என்றார் ஒரு வயதான அப்பா. எட்டு மாதத்தில் முழுப் பாடத்தையும் எப்படி முடிப்பீர்கள் என்று கேட்டவரிடம், பிலோமினா, "இப்ப மட்டும் முடிக்கறமா சார்?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

ரூபவதி எழுந்தாள். "டீச்சர், போன மாசம் எல்லாப் பிள்ளைங்களுக்கும் டெஸ்ட் எடுத்தீங்க. அதுல பதினொரு பேருக்குத் துயில் ஒத்துக்காதுன்னு சொல்லிட்டீங்க. என் ரெண்டாவது பொண்ணுக்குத் துடிப்புல கோளாறு, ஊசி போட்டா நின்னுடும்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அந்தப் பதினொரு பேரும் கோடையில எங்க இருப்பாங்க?"

"இந்தக் கூடத்துலதான் பெட்டிங்க வைக்கணும்மா. இந்த ஒரு கூடத்துக்குத்தான் கரண்ட் ஒதுக்கீடு. முழிச்சிருக்கறவங்க உள்ள வரக்கூடாது. கிருமி, சூடு, ரெண்டும் ஆகாது."

"அதான் கேக்கறேன். எங்க இருப்பாங்க?"

பிலோமினா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "மாற்று ஏற்பாடு பரிசீலனையில இருக்குன்னு போட்டிருக்காங்க."

பிறகு விதியைச் சொன்னார். ஒரு பிள்ளைக்கு ஒரு சீட்டு. மாசி பத்தாம் தேதி பெட்டியில் போட வேண்டும். பள்ளியில் நூற்று முப்பது பிள்ளைகள். பத்துக்கு ஒன்பது பேர் சம்மதித்தால்தான் மாற்றம் வரும். அதாவது பதினாலு சீட்டில் 'வேண்டாம்' என்று விழுந்தால் பழைய ஆண்டே தொடரும்.

கூட்டம் கலைந்ததும் பதினொரு பிள்ளைகளின் பெற்றோரும் புங்கமரத்தடியில் நின்றார்கள். பேசியவர் காதர் பாஷா. பைபாஸ் பக்கம் புளி சேமிக்கும் குளிர்கிடங்கில் மேற்பார்வை பார்ப்பவர். மனைவி இல்லை, ஒரே மகள் ஜமீலாவுக்கு இளைப்பு. அவளும் இரட்டையர் வகுப்பில்தான் படித்தாள்.

"நம்ம சீட்டு பதினொண்ணு. துயில் ஒத்துக்கற பிள்ளையோட அப்பா ரெண்டு பேரு, இது நியாயமில்லன்னு நம்ம பக்கம் வரேன்னு சொல்லியிருக்காங்க. பதிமூணு ஆச்சு." அவர் ரூபவதியைப் பார்த்தார். "தங்கச்சி, உன்கிட்ட ரெண்டு சீட்டு இருக்குது."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். செவ்வந்தியின் சீட்டுதான் பதினாலாவது.

"ரெண்டுலயும் வேணாம்னுதான் பாய்," என்றாள் ரூபவதி. "ஒருத்தியத் தூங்க வெச்சிட்டு ஒருத்திய வெயில்ல விடுவமா?"

தணிகைவேலும் தலையசைத்தான்.

வீட்டில் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. மாசி பத்தாம் தேதி கிளம்பும்போது மட்டும் தணிகைவேல் கேட்டான்.

"எந்தச் சீட்ட யாரு போடறது?"

"ஆளுக்கு ஒண்ணு. நீ சுகந்தியோடத வெச்சிக்க. நான் செவ்வந்தியோடதப் போடறேன். ரெண்டும் வேணாம்தானே, எதுவா இருந்தா இன்னா."

"அதான்," என்றான் அவன்.

மறைப்புக்காக நிறுத்தியிருந்த கரும்பலகைக்குப் பின்னால் ஒரு மேசையும் பேனாவும் இருந்தன. ரூபவதி சீட்டை விரித்தாள். 'த. செவ்வந்தி, நான்காம் வகுப்பு' என்று மேலே அச்சாகியிருந்தது. போன சித்திரையில் கூடத்தில் மின்சாரம் நின்ற மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு பிள்ளைகளையும் ஈரத் துணியில் சுற்றி மடியில் போட்டிருந்தாள். சுகந்தி முனகிக்கொண்டே இருந்தாள். முனகலே இல்லாமல் கிடந்தவள் செவ்வந்திதான். கன்னத்தில் தட்டித் தட்டி, கடைசியில் கிள்ளித்தான் கண் திறக்க வைத்தாள். நல்ல இதயம், ஒரு குறையும் இல்லாத பிள்ளை, அவளே அப்படிக் கிடந்தாள்.

இந்தச் சீட்டில் வேண்டாம் என்று எழுதினால் இரண்டு பேரும் மறுபடி அதே கூடத்தில் கிடப்பார்கள். எழுதாவிட்டால் ஒருத்தி நிச்சயம் பிழைப்பாள். பேனாவை வைத்துவிட்டு எடுத்தாள். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். 'சம்மதம்' என்று எழுதி நாலாக மடித்தாள்.

வெளியே வந்தபோது காதர் பாஷா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

சாயங்காலம் எண்ணி முடித்தார்கள். சம்மதம் நூற்று இருபத்தொன்று. வேண்டாம் ஒன்பது.

பதிமூன்று என்று கேட்கத்தான் ரூபவதி மனதைத் தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்பது என்றதும் முதலில் வந்தது நிம்மதிதான். நான் மட்டும் இல்லை. அப்புறம்தான் அந்த நிம்மதியை நினைத்து உடம்பு கூசியது.

மறுநாள் பள்ளிச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் சம்மதம், வேண்டாம் என்று தட்டச்சாகியிருந்தது. ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டுமாம். ரகசியம் என்று நம்பித்தானே போட்டோம் என்று பெற்றோர் போய் நின்றபோது பிலோமினா சொன்னார்: "ரகசியம்னு நான் சொல்லவே இல்லையே. பெட்டியில போடச் சொன்னேன், அவ்ளோதான்."

ரூபவதி பட்டியலைப் பார்க்குமுன்பே பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். மாலை சுகந்தி பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். முகம் பூரித்திருந்தது.

"அம்மா, என் பேருக்கு நேரா சம்மதம்னு போட்டிருக்குது. எனக்கும் பெட்டி கிடைச்சிடுச்சாம்மா?"

ரூபவதி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை தட்டிலேயே நின்றது.

"அது வேறடி," என்று செவ்வந்தி தங்கைக்கு விளக்கினாள். "அது பெரியவங்க ஓட்டு. உனக்கு டாக்டர்தான் வேணாம்னு சொல்லிட்டாங்கல்ல."

"அப்ப எதுக்கு என் பேருக்கு நேரா போட்டாங்க?"

சுகந்தி கொஞ்ச நேரம் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கக் கீழே போனதும் ரூபவதி கேட்டாள். "அவ சீட்டுலயா போட்ட? அவ சீட்டுல?"

"எங்கிட்ட அதுதானே இருந்துச்சு." "நீ செவ்வந்தி சீட்டுல வேணாம்னு போடுவ, உன் மனசு எனக்குத் தெரியும்னு நெனச்சேன். அப்ப செவ்வந்தியக் காப்பாத்த நான் எதுல போடறது? போன வருஷம் அந்த மூணு பிள்ளைங்களயும் ஆஸ்பத்திரியிலேர்ந்து என் லாரியிலதான் ஏத்திட்டு வந்தேன், வேற வண்டி இல்லன்னு. மூடி வெச்சிருந்த துணி காத்துல பறக்குது. நான் இறங்கி இறங்கி மூடறேன். ரெண்டு பேரையும் அப்படி ஏத்தற தெம்பு எனக்கில்ல ரூபா. ஒருத்தியாவது இருக்கட்டும்."

ரூபவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நானும் சம்மதம்னுதான் போட்டேன்," என்றாள்.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "நம்ம ரெண்டு சீட்டு மாறியிருந்தாலும் பதினொண்ணுதான். அப்பவும் ஜெயிச்சிருக்கும்," என்றான்.

"எழுதும்போது அது நமக்குத் தெரியாதே."

பங்குனி ஒன்றாம் தேதி செவ்வந்தியைக் கூட்டிப்போனார்கள். கூடத்துக்குள் நூற்றுப் பத்தொன்பது வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. வாசல்வரைதான் பெற்றோர். செவ்வந்தி சிரித்துக்கொண்டே போனாள். "நான் எழுந்திரிச்சதும் ஸ்கூல் திறந்துடும்ல," என்று கேட்டுவிட்டு, தங்கையிடம், "நீ மட்டும் ஜாலியா வீட்ல இரு," என்றாள். சுகந்தி கையசைத்தாள்.

மாற்று ஏற்பாடு வரவே இல்லை. காதர் பாஷாதான் கிடங்கு முதலாளியிடம் கெஞ்சி, புளி அடுக்கியிருக்கும் குளிர் அறைக்கு முன்னால் உள்ள நடையில் பதினொரு பிள்ளைகளையும் பகலில் உட்கார வைக்க அனுமதி வாங்கினார். அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அங்கே குளிர் வரும். ரூபவதி சுகந்தியை அழைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றபோது தலை நிமிரவில்லை.

"பாய், பட்டியல் பாத்திருப்பீங்க."

"பாத்தேன்." அவர் சுகந்திக்குப் பாயை விரித்துப் போட்டார். "மன்னிக்க என்னால ஆவாது தங்கச்சி. ஆனா குழந்தை இன்னா பண்ணும். விட்டுட்டுப் போ."

அப்படித்தான் அந்தக் கோடை நடந்தது. கம்பெனி வேலை விடிகாலை நாலு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடியும். வராதவர்களுக்குத் தண்ணீர் அட்டை ரத்து. வேலை முடிந்தாலும் வெளியே நடக்கத் தடை. ஆறு மணிவரை கம்பெனிக்குள்ளேயே இருக்க வேண்டும். மாலையில் ரூபவதி போய் அழைத்து வருவாள். சுகந்தியின் சட்டை, முடி எல்லாம் புளி வாசம் அடிக்கும். வழியெல்லாம் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டே வருவார்கள். இந்தப் பிள்ளை இவ்வளவு பேசுவாள் என்று ரூபவதிக்கு அதுவரை தெரியாது. எப்போதும் செவ்வந்திதான் பேசுவாள், இவள் பின்னால் நிற்பாள். ஜமீலா கதை சொல்வதையும், அவளுக்கு இளைப்பு வந்தால் முதுகைத் தடவுவது தன் வேலை என்பதையும் சுகந்தி சொல்லுவாள்.

அக்னி நட்சத்திரத்தின் இரண்டாம் வாரம் ஊர் முழுக்க மின்சாரம் போயிற்று. கிடங்கில் ஜெனரேட்டர் ஓடியது. முதல் நாள் மாலை ரூபவதி பதறிப்போய்க் கேட்டாள்.

"உள்ள எப்படிடா கண்ணு இருந்துச்சு?"

"சில்லுனு இருந்துச்சும்மா."

இரண்டாம் நாளும் கேட்டாள். "சில்லுனுதான் இருந்துச்சு," என்றாள் சுகந்தி.

மூன்றாம் நாள் மாலை கிடங்கு வாசலில் பத்துப் பிள்ளைகள் நிழலில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். காதர் பாஷா மகளை மடியில் கிடத்தித் தரையில் உட்கார்ந்திருந்தார். டீசல் தீர்ந்துகொண்டு வருகிறது, கதவைத் திறந்து வைத்தால் சரக்கு போய்விடும் என்று முதலாளி முதல் நாள் காலையிலேயே குளிர் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டாராம். வேறு இடம் தேடி பாஷா தெருத்தெருவாக அலைந்திருக்கிறார்; மாலையில் பிள்ளைகளை அழைக்க வந்தவர்களின் கண்ணில் படவே இல்லை. மூன்று நாளும் பிள்ளைகள் பூட்டிய கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு, முறை வைத்து, கிடந்திருக்கிறார்கள். ஜமீலாவுக்குத் தன் முறையையும் சுகந்தி கொடுத்தாளாம். மத்தியானம் இரண்டு மணிக்கு ஜமீலா மூச்சு விடுவதை நிறுத்தினாள்.

ரூபவதி மகளை இழுத்து அணைத்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

"ஏன்டி பொய் சொன்ன? சில்லுனு இருக்குதுன்னு ஏன் சொன்ன?"

"உண்மையச் சொன்னா நீ வேலைக்குப் போவமாட்ட. தண்ணி அட்டையப் புடுங்கிடுவாங்க," என்றாள் சுகந்தி. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. "அப்பாவும் பாவம்."

கோடை முடிவதற்குள் பதினொரு பேரில் நாலு பேர் போயிருந்தார்கள். காதர் பாஷா கிடங்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டுக் கதவு பகலிலும் சாத்தியே கிடந்தது. கூடத்துக்குள் நூற்றுப் பத்தொன்பது பெட்டிகளிலும் இதயங்கள் நிமிஷத்துக்கு எட்டு தடவை, ஒன்றுகூடப் பிசகாமல், துடித்துக்கொண்டிருந்தன. திட்டம் முழு வெற்றி என்று செய்தியில் சொன்னார்கள். துயிலில் ஒரு பிள்ளைக்கும் சேதமில்லை. விழித்திருந்த பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஆடி பிறந்ததும் எழுப்பினார்கள். வாசலில் பெற்றோர் கூட்டம் நெரிந்தது. செவ்வந்தி ஒரு நர்சின் கையைப் பிடித்துத் தள்ளாடி வந்தாள். கன்னம் அப்படியே உப்பியிருந்தது. போனபோது அடித்த அதே சோப்பு வாசம். அம்மாவைக் கண்டதும், "இப்பத்தாம்மா கண்ண மூடினேன், அதுக்குள்ள எழுப்பிட்டாங்க," என்று சிணுங்கினாள். தணிகைவேல் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் முகத்தில் நாலு மாதத்துக்கப்புறம் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. தோளுக்குப் பின்னால் நின்ற சுகந்தியைப் பார்த்ததும் அது போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் செவ்வந்தி தங்கையோடு முதுகு ஒட்டி நின்று பார்த்தாள். சுகந்தி இரண்டு விரல்கடை உயர்ந்திருந்தாள். "எப்படிடி வளர்ந்த?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு தலையைப் பின்னிவிடச் சொல்லி அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஓயாமல் பேசினாள். எந்த டீச்சர் வருவார், எந்தப் பெஞ்சில் உட்காருவது, ஜன்னலோரம் யாருக்கு.

"நான், நீ, ஜமீலா மூணு பேரும் ஒரே பெஞ்ச். நாளைக்கு முதல்ல போய்ப் புடிச்சிடணும். வா, இப்பவே ஜமீலாகிட்ட போய்ச் சொல்லிட்டு வரலாம்."

ரூபவதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார், பத்து நாளைக்கு அதிர்ச்சியான செய்தி எதுவும் வேண்டாம் என்று. என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

"ஜமீலா இங்க இல்ல," என்றாள் சுகந்தி. பின்னுகிற கை நிற்கவில்லை. "அவங்கப்பாவுக்கு ஓசூர்ல வேலை கிடைச்சிடுச்சு. அங்க குளிரா இருக்குமாம், இளைப்புக்கு நல்லதுன்னு கூட்டிட்டுப் போயிட்டாரு."

"என்கிட்ட சொல்லாமயா?"

"நீ தூங்கிட்டிருந்த. உன்கிட்ட சொல்லச் சொன்னா."

"இன்னான்னு?"

சுகந்தி ரிப்பனை முடிச்சுப் போட்டாள். "ஜன்னலோரத்துல உன்ன உக்காரச் சொன்னா."

செவ்வந்திக்குக் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் சந்தோஷமும்தான். சரி என்று தலையாட்டிவிட்டு அப்பாவிடம் சொல்ல ஓடினாள்.

ரூபவதி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டாள். ஏதாவது கேட்பாள், பட்டியலைப் பற்றியாவது, அந்தப் பெயருக்கு நேரே இருந்த ஒரு சொல்லைப் பற்றியாவது கேட்பாள் என்று நாலு மாதமாகக் காத்திருந்தாள். கேட்டால் அழுதாவது தீர்த்துவிடலாம்.

சுகந்தி சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு எதுவும் சொல்லிடாதம்மா," என்றாள். "அவ சின்னப் பொண்ணு."